முதல் நகர்வை எண்ணு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

பிள்ளையார்பாளையத்திலிருந்து நீ அனுப்பிய சதுரங்க நிரலை இரண்டு ராத்திரி ஓட்டிப் பார்த்தேன். நொடிக்கு இருபது லட்சம் நிலைகளை அலசுகிறது என்று எழுதியிருந்தாய். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் நாடா எத்தனை தடவை ஓடியது என்று எண்ணியா உன் அப்பாவின் தறியை அளப்பார்கள்? கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. கரையும் உடலும் பிசகாமல் கோத்து, சேலை என்றைக்குத் தறியை விட்டு இறங்கியது என்றுதானே கேட்பார்கள்? உன் நிரலிடமும் அதையே கேள்: பத்தாவது ஆழத்தைத் தொட எத்தனை நிலைகள் பிடித்தன?

கணக்கைப் பார். ஒரு நிலையில் 35 நகர்வுகள் என்று வைத்துக்கொள். ஆறு நகர்வு ஆழத்துக்கு எல்லாக் கிளையிலும் இறங்கினால், நுனியில் சுமார் 184 கோடி நிலைகள். வீண் கிளைகளைக் கவாத்து செய்யும் ஆல்ஃபா-பீட்டா முறையில் எங்கும் சிறந்த நகர்வையே முதலில் எடுத்தால் 85,749 போதும். க்னூத்தும் மூரும் 1975-இல் விரிவாக அலசிய விஷயம் இது. வரிசை தலைகீழானால், ஆல்ஃபா-பீட்டா இருந்தும் பயனில்லை.

எனவே முதலில் இதை எண்ணு: கவாத்து விழுந்த கணுக்களில், முதல் நகர்விலேயே விழுந்தவை எத்தனை? நூற்றுக்குத் தொண்ணூறாவது வர வேண்டும். உனக்கு எழுபதுதான் வருகிறது. காரணத்தையும் தேடிப் பிடித்தேன். ராணி சிப்பாயை வெட்டுவது உன் பட்டியலில் முதலில் நிற்கிறது. சிப்பாய் ராணியை வெட்டுவது கடைசியில். ஒரு கழித்தல் குறி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். என் முதல் நிரலில் நானும் இதே தப்பைச் செய்துவிட்டு, அது தெரியாமல் மூன்று வாரம் வேகத்தையே கூட்டிக்கொண்டிருந்தேன்.

ஹாஷ் அட்டவணை நினைவில் வைத்திருக்கும் நகர்வு முதலில் வரட்டும். அடுத்து லாபமான வெட்டுகள், அதன்பின் கில்லர் நகர்வுகள், அதாவது அதே ஆழத்தில் சற்றுமுன் கவாத்து தந்தவை. மிச்சத்தை ஜானதன் ஷேஃபர் 1983-இல் சொன்ன வரலாற்று மதிப்பெண்படி, அதாவது இதுவரை அதிகம் கவாத்து தந்தது முன்னே வரும்படி, அடுக்கு.

ஒரு சோதனையை மட்டும் விட்டுவிடாதே. ஹாஷ் அட்டவணையையும் ஆழக் குறைப்புகளையும் அணைத்துவிட்டு, அதே ஆழத்தில் வரிசையை மட்டும் மாற்றி ஓட்டு. நிலைகளின் எண்ணிக்கை மாறலாம். கடைசியில் வரும் மதிப்பெண் மாறவே கூடாது. மாறினால் தேடலிலேயே பிழை இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதே.

தொடக்க நிலையை வைத்து மட்டும் அளப்பதும் ஏமாற்றும். 2022-இல் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாடுக்குப் போய் அதன் சின்னமான வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’யோடு படம் எடுத்துக்கொண்டாயே, அந்த ஒலிம்பியாட் ஆட்டங்களிலிருந்தே ஐம்பது நிலைகளைப் பொறுக்கு. நடு ஆட்டமும் முடிவாட்டமும் கலந்திருக்கட்டும்.

குறியைத் திருத்திவிட்டு, ஐம்பது நிலைகளின் மொத்த எண்ணிக்கையை முன், பின் என்று எழுதி அனுப்பு. நொடி வேகத்தை இந்தத் தடவை எழுத வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்