அஃபிலியேட் திட்டத்தில் சேரப் போகிறீர்களா?

பொருளைப் பரிந்துரைத்துக் கமிஷன் பெறும் ஆசையில், இணையதளம் தொடங்கிய கையோடு விண்ணப்பித்துவிடாதீர்கள். காலித் தளத்தைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். முதலில் நீங்களே எழுதிய பத்துப் பதிவுகளாவது இருக்கட்டும். மிக்ஸியைப் பற்றி எழுதுகிறீர்களா? சட்னி எவ்வளவு நைசாக அரைகிறது, ஜார் மூடி கசிகிறதா, சத்தம் எப்படி என்று சொந்தப் படத்தோடு சொல்லுங்கள். கம்பெனி விளம்பரத்தை அப்படியே எடுத்து ஒட்டுவதுதான் நிராகரிப்புக்குச் சுலபமான வழி.

‘எங்களைப் பற்றி’, தொடர்பு முகவரி, தனியுரிமைக் கொள்கைப் பக்கங்கள் அவசியம். பான் கார்டிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். வாசகர்கள் எப்படி வருகிறார்கள் என்று விண்ணப்பத்தில் கேட்டால், உள்ளதை விவரமாக எழுதுங்கள்.

அமேசானின் அஃபிலியேட் திட்டமான அசோசியேட்ஸில் ஆரம்ப அனுமதி எளிதாகவே கிடைக்கும். ஆனால் 180 நாட்களுக்குள் தகுதியான 3 விற்பனை நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். உங்கள் லிங்க்கில் நீங்களே வாங்குவது கணக்கில் வராது. அதனால் பதிவுகளுக்கு ஓரளவு வாசகர் வந்தபிறகே விண்ணப்பிப்பது நல்லது.

கமிஷன் கிடைக்கும் என்பதைப் பதிவிலேயே தெரியும்படி போடுங்கள்; நம்பி வாங்குபவருக்கு அது தெரிய வேண்டும். உறுப்பினராக்க ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்கள் பக்கமே போகாதீர்கள்.