தோட்டத்துக்குள் சமாதி, கேட்டில் பூட்டு: வழியுரிமையைக் காப்பது எப்படி?

நிலத்தை விற்கும்போது எல்லாம் பேசப்படும். சென்ட் என்ன விலை, அட்வான்ஸ் எவ்வளவு, கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, மோட்டார் சர்வீஸ் யார் பேருக்கு மாற வேண்டும் என்று ஒரு நாள் முழுக்கப் பேச்சு ஓடும். வடகிழக்கு மூலையில் வேப்பமரத்தடியில் இருக்கும் தாத்தா பாட்டி சமாதியைப் பற்றி மட்டும் பத்திரத்தில் ஒரு வரிகூட இருக்காது. "வருஷத்துக்கு ஒரு தடவை வந்து கும்பிட்டுட்டுப் போங்க, யாரு வேண்டாம்னு சொல்லப் போறா" என்பார் வாங்குபவர். அந்த வார்த்தையை நம்பிக் கையெழுத்தும் ஆகிவிடும். பிறகு நிலம் அவரிடமிருந்து இன்னொருவருக்கும், அங்கிருந்து மனை போடுபவருக்கும் கைமாறும். கம்பி வேலி வரும், கேட் வரும். ஆடி அமாவாசைக்குப் பூவும் படையலுமாக வந்த குடும்பம் வாட்ச்மேனிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கும்.

சொந்தத் தோட்டத்திலேயே அடக்கம் செய்துவந்த குடும்பங்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏராளம். பிறர் கைக்குப் போய்விட்ட நிலத்தில் இருக்கும் அந்தச் சமாதிகளுக்குப் போய்வர, அதற்கென்று எழுதிய தனிச் சட்டம் இங்கே இல்லை. கைகொடுப்பது 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். பத்திர எழுத்தர்கள் 'வழிநடைப் பாத்தியம்' என்று எழுதுவது அந்தச் சட்டம் தரும் உரிமையைத்தான்.

முதல் வேலை, சமாதி இருக்கும் அந்தத் துண்டு நிலம் இன்று யாருடையது என்று கண்டுபிடிப்பது. கோபத்தோடு கேட்டுக்குப் போவதற்கு முன்னால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். விற்ற கிரயப் பத்திரத்தின் நகல், அதற்கு முந்தைய பாகப்பிரிவினைப் பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றையும் வாங்க வேண்டும். பத்திரத்தின் சொத்து விவரத்தில், நான்கெல்லை சொல்லி முடித்த பிறகு வரும் கடைசி வரிகளில்தான் விஷயம் ஒளிந்திருக்கும். 'சமாதி இடம் நீக்கி' என்றோ 'மாமூல் வழிநடைப் பாத்தியம் உட்பட' என்றோ இரண்டு சொல் இருந்தாலும் அது பெரிய பலம். பிறகு புலப்பட நகல், அ-பதிவேட்டு நகல், பட்டா. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பழைய பதிவேட்டையும் பார்ப்பது நல்லது. யூ.டி.ஆர். என்று வருவாய்த்துறையில் சொல்லப்படும் அந்தப் பணியில் விடுபட்டுப்போன குறிப்புகள் பல.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. வசதியுரிமை ஓர் ஆளுக்கு உரியதல்ல, ஒரு நிலத்துக்கு உரியது. சமாதி இருக்கும் துண்டு குடும்பத்தின் பேரில் இருந்தால்தான், அதை அனுபவிக்கப் பக்கத்து நிலத்தின் வழியாகப் பாதை கேட்க முடியும். சமாதியையும் சேர்த்து முழு நிலத்தையும் எந்த நிபந்தனையும் இல்லாமல் விற்றிருந்தால் வழக்கு மிகவும் பலவீனமாகிவிடும்.

துண்டு குடும்பத்திடமே இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி, எந்தப் பிரிவின் கீழ் வழி கேட்பது? பத்திரத்திலேயே வழி எழுதியிருந்தால் கவலை இல்லை, அதுவே போதும். எழுதாமல் விட்டிருந்தால் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இருக்கிறது. ஒரே உரிமையாளரின் நிலம் கிரயத்தாலோ பாகப்பிரிவினையாலோ இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதிக்குப் போக மற்றப் பகுதியைத் தவிர வேறு வழியே இல்லை என்றால், சட்டமே அந்த வழியைத் தருகிறது. 'வேறு வழியே இல்லை' என்பதை நீதிமன்றங்கள் கறாராகப் பார்க்கும். சுற்றுவழியாக, வரப்பு மேலேறி, சிரமப்பட்டாவது சட்டப்படி வேறு பக்கம் போக முடியும் என்றால் இந்த உரிமை கிடைக்காது. பாதை எந்தப் பக்கமாக என்பதை வழி விடுபவர் முடிவு செய்யலாம், ஆனால் அது போகிறவருக்கு நியாயமான அளவில் வசதியாக இருக்க வேண்டும் என்கிறது 14-ஆம் பிரிவு.

மூன்றாவது, நீண்டகால அனுபவம். 15-ஆம் பிரிவின்படி 20 ஆண்டுகள் இடைவிடாமல், அமைதியாக, எல்லோரும் பார்க்கும்படி, உரிமையாகவே ஒரு பாதையைப் பயன்படுத்தியிருந்தால் அது நிலைத்த உரிமையாகும். அரசு நிலம் என்றால் 30 ஆண்டுகள். இங்கே இரண்டு பள்ளங்கள் உண்டு. தடுக்கப்பட்டால் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும், இல்லையென்றால் அந்த 20 ஆண்டுக் கணக்கே செல்லாது. இன்னொன்று, ஒவ்வொரு முறையும் நிலக்காரரிடம் அனுமதி கேட்டுப் போயிருந்தால் அது உரிமை அல்ல, அவர் காட்டிய தயவு. தயவை அவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

முழு நிலத்தையும் விற்றுவிட்டவர்களுக்கு ஒரே ஒரு இடுக்குதான் மிச்சம். சொந்த நிலம் இல்லாமலேயே வழக்காற்றால் ஒருவருக்கோ பொதுமக்களுக்கோ இருக்கும் உரிமைகளை இந்தச் சட்டம் பாதிக்காது என்கிறது 2-ஆம் பிரிவு. ஒரு பங்காளி வகையறாவே தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் கூடிக் கும்பிட்டு வந்தால் இதை முன்வைக்கலாம். நிரூபிப்பது கடினம். இந்த நிலையில் இருக்கும் குடும்பத்துக்கு வழக்கைவிட உடன்படிக்கைதான் நல்லது.

அடுத்து, சாட்சியம் சேர்க்கும் வேலை. திதியன்று சமாதி முன்னால் எடுத்த பழைய போட்டோக்கள், கல்வெட்டில் பொறித்த பெயரும் தேதியும், சமாதி கட்டிய கொத்தனாரின் ரசீது, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாமே பயன்படும். பாதையின் வரைபடம் ஒன்று அவசியம்: எங்கே ரோட்டிலிருந்து பிரிகிறது, எத்தனை அடி அகலம், எந்த சர்வே எண்களைத் தொட்டுப் போகிறது. நீதிமன்றத்தில் 'காலங்காலமாகப் போய்வருகிறோம்' என்று மட்டும் சொன்ன வழக்குகள் தோற்பதற்குக் காரணம், பாதையைத் துல்லியமாகக் காட்டாததுதான்.

போய்வருவதை நிறுத்தவும் கூடாது. நடைவழி போன்ற உரிமையை 20 ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்டால் அது அழிந்துபோகும் என்கிறது 47-ஆம் பிரிவு. பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் குடும்பங்களில் இப்படித்தான் பல உரிமைகள் சத்தமில்லாமல் போகின்றன. வருடத்துக்கு ஒரு முறை, திதிக்கோ அமாவாசைக்கோ கல்லறைத் திருநாளுக்கோ, ஒருவராவது போய்வர வேண்டும். தேதியோடு ஒரு படமும் எடுத்து வைக்க வேண்டும்.

பேச்சுவார்த்தை என்று வரும்போது நிலக்காரரின் பக்கத்தையும் யோசிப்பது நியாயம். பயிர் மிதிபடும், மாடு வெளியேறும், யார் யாரோ உள்ளே வருவார்கள் என்பது அவருடைய பயம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்காட் என்ற ஊராட்சி, தனியார் நிலத்தில் உள்ள எல்லாக் கல்லறைகளையும் பகல் முழுக்கப் பொதுமக்களுக்குத் திறந்துவைக்க வேண்டும் என்று 2012-இல் உத்தரவு போட்டது. 90 ஏக்கர் வைத்திருந்த ரோஸ் மேரி நிக் அதை எதிர்த்துப் போராடி உச்ச நீதிமன்றம்வரை போனார். இழப்பீடில்லாமல் நிலத்தை எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் உரிமையாளர் நேராகக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கே வரலாம் என்று 2019-இல் தீர்ப்பானது. எல்லோருக்கும், பகல் முழுக்க என்று கேட்டால் எந்த உரிமையாளரும் எதிர்ப்பார். வர்ஜீனியா மாநிலச் சட்டம் வேறு வழி கண்டது. குடும்பத்தாரும் வாரிசுகளும் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு வரலாம். நேரத்தையும் எத்தனை முறை என்பதையும் நிலக்காரர் நியாயமான அளவில் வகுக்கலாம். அவர் எழுத்தில் சம்மதிக்காமல் வண்டி உள்ளே வரக்கூடாது. இங்கே உடன்படிக்கை எழுதுகிறவர்களுக்கு இது நல்ல மாதிரி.

உடன்படிக்கையில் இருக்க வேண்டியவை: சர்வே எண், சமாதி இடத்தின் நீள அகலம், பாதையின் அகலம், எந்தெந்த நாட்கள், எத்தனை நாள் முன்பு தகவல், பூட்டின் சாவி யாரிடம், சுத்தம் செய்யவும் வெள்ளையடிக்கவும் ஆட்கள் வரலாமா என்பது. இரு பக்கத்து வாரிசுகளையும், நிலத்தைப் பின்னால் வாங்குகிறவர்களையும் கட்டுப்படுத்தும் என்ற வாசகம் கட்டாயம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் ஏறும், அடுத்து வாங்குபவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. வெறும் முத்திரைத்தாளில் எழுதிப் பீரோவில் வைத்தால் இந்தப் பலன் கிடைக்காது.

பேசியும் நடக்கவில்லை என்றால் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ். அதன் பிறகு உரிமையியல் நீதிமன்றம். வழியுரிமை உண்டு என்ற விளம்புகையும், தடுக்கக்கூடாது என்ற நிரந்தர உறுத்துக்கட்டளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வேலியோ சுவரோ எழுப்பிவிட்டார்கள் என்றால் அதை அகற்றச் சொல்லும் கட்டளையையும் கேட்க வேண்டும். தாவா தாக்கலான கையோடு வழக்கறிஞர் ஆணையரை நியமிக்க மனுப் போடுவது மிக முக்கியம். அவர் நேரில் வந்து தடத்தையும் சமாதியையும் அளந்து அறிக்கை தந்துவிட்டால், பிறகு உழுது அழித்தாலும் பதிவு நிற்கும்.

திதி நெருங்கிவிட்டது, அடிதடி ஆகும் நிலை என்றால் கோட்டாட்சியரிடம் போகலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 166-ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 147, நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய தகராறில் அமைதி குலையும் என்றால் நிர்வாக நடுவர் விசாரித்துத் தடை போட இடம் தருகிறது. குறிப்பிட்ட நாட்களில் மட்டும் அனுபவிக்கும் உரிமை என்றால், கடைசியாக வந்த அந்த நாளில் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. போன வருடத் திதிப் படம் இங்கேதான் உதவும்.

வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்கள் தாலுகா அல்லது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. ஒரே ஊரில் முகம் பார்த்து வாழ வேண்டியவர்களுக்கு இதுவே சிறந்த இடம்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. வேலியை வெட்டி உள்ளே போகக்கூடாது. உரிமை இருந்தாலும் தடையைத் தானே அகற்றக்கூடாது என்று வசதியுரிமைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. வெட்டினால் நியாயம் தன் பக்கம் இருந்தும் குற்ற வழக்கில் நிற்க வேண்டிவரும். சமாதியையே யாராவது இடித்தால் அது வேறு விஷயம். மனம் புண்படும் என்று தெரிந்தே அடக்கத்தலத்தில் அத்துமீறி நுழைவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-ஆம் பிரிவில் குற்றம், காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

ஊர்ப் பொது மயானத்துக்குப் போகும் பாதையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, தனியார் நிலத்தில் வழி மறிக்கப்பட்டதால் தலித் மக்கள் ஒரு சடலத்தைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கிய காட்சி நாட்டையே உலுக்கியது. உயர் நீதிமன்றம் தானாகவே அதைக் கையில் எடுத்தது. பொது மயானத்துக்குப் பாதை தருவது அரசும் ஊராட்சியும் செய்ய வேண்டிய கடமை. அங்கே ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். பட்டியல் சாதியினரை மயானத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றமும்கூட.

பழைய சமாதிக்குப் போகும் உரிமை, அங்கே புதிதாக அடக்கம் செய்யும் உரிமையைத் தராது. அதற்கு உள்ளாட்சி விதிகளின்படி தனியாக அனுமதி வேண்டும். 2024 ஜூலையில் கொலையான பகுஜன் சமாஜ் கட்சியின் தமிழ்நாடு மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை பெரம்பூர்க் கட்சி அலுவலகத்தில் அடக்கம் செய்ய உயர் நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. திருவள்ளூர் மாவட்டம் பொத்தூரில் தனியார் நிலத்தில்தான் அடக்கம் நடந்தது.

இன்னும் நிலத்தை விற்காதவர்களுக்கு இத்தனை அலைச்சலும் தேவையில்லை. சமாதி இருக்கும் சிறு துண்டையாவது அளந்து கல் நட்டு, உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிவிட வேண்டும். கிரயப் பத்திரத்தில் இப்படி எழுதச் சொல்ல வேண்டும்: 'வடகிழக்கு மூலையில் கிழமேல் 20 அடி, தென்வடல் 20 அடி அளவுள்ள சமாதி இடம் நீக்கி, மேற்படி இடத்துக்குத் தென்புற ரோட்டிலிருந்து 6 அடி அகலத் தடத்தில் எழுதிக்கொடுப்பவரும் அவர் வாரிசுகளும் என்றென்றும் போய்வரும் பாத்தியத்துக்கு உட்பட்டு.' வாங்குபவர் நல்லவர் என்பதால் இந்த வரியை விட்டுவிட வேண்டாம். அவருக்குப் பிறகு அந்த நிலத்துக்கு வரப்போகிறவர் யார் என்று இருவருக்கும் தெரியாது.