கணிப்பொறியில் தமிழ் எழுத்துகளின் எண்கள்

கணிப்பொறி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். அவ்வெண்ணும் 0, 1 என்னும் இரு குறிகளால் ஆனதே. ஆகையால் ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய எண் முன்னதாகவே வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். இவ்வாறு வகுத்த முறையே எழுத்துக் குறியீட்டு முறை எனப்படும்.

1963-இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி முறை ஏழு பிட்டுகள் கொண்டது. 128 எண்களுக்கே அதில் இடம் உண்டு. ஆங்கிலத்துக்கு அவை போதும். நம் மொழிகளுக்கு அதில் இடமில்லை. இக்குறையை நீக்க இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991-இல் இஸ்கி முறையைத் தரமாக வெளியிட்டது. ஆஸ்கியின் 128 இடங்களை அவ்வாறே விட்டு, எட்டாவது பிட்டினால் கிடைத்த இடங்களை இந்திய எழுத்துகளுக்கு அது அளித்தது. அதே ஆண்டில் வெளியான யூனிகோடு, உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக அமைந்தது. அதில் 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் தமிழுக்கு உரியவை.

தமிழின் 247 எழுத்துகளும் 128 இடங்களில் அடங்குவது எவ்வாறு? உயிரெழுத்துகள், ஆய்தம், அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்குத் தனி எண்கள் உள்ளன. ஏனையவை இவற்றின் சேர்க்கையாம். 'க' என்பதன் எண் 2965. புள்ளியின் எண் 3021. இவ்விரண்டும் சேர்ந்தால் 'க்' ஆகும். மெய்யோடு அகரம் சேர்ந்து 'க' பிறக்கும் என்பது இலக்கணம். கணிப்பொறியிலோ 'க' முதலில் நிற்க, புள்ளி பின்னர் வந்து அகரத்தை நீக்குகிறது. மாணவர்க்கு இவ்வேறுபாட்டை ஆசிரியர் தெளிவாக்குதல் நன்று.

'கோபால்' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். இதில் ஓகாரக் குறியை 3019 என்னும் ஒரே எண்ணாலும் எழுதலாம். 3015, 3006 என்னும் இரண்டு எண்களாலும் எழுதலாம். முன்னதில் பெயர் ஆறு எண்களாகவும், பின்னதில் ஏழு எண்களாகவும் அமையும். திரையில் இரண்டும் ஒன்றே. ஆயினும் எண்களை மட்டும் ஒப்பிடும் பொறிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். ஆகவே பட்டியலில் பெயர் இருந்தும் 'இல்லை' என்னும் விடை வரக்கூடும். உரியவர் உதவியை இழக்கவும் நேரிடும். இதனைத் தவிர்க்க, ஒப்பிடுவதற்குமுன் எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவுக்குக் கொணரும் இயல்பாக்கம் என்னும் முறையை யூனிகோடே வகுத்துள்ளது.

களப்பணியாளர் கருதவேண்டியவை மூன்று: பட்டியல்களை யூனிகோடிலேயே சேமித்தல், தனி எழுத்துருக்களுக்கென அமைந்த பழைய கோப்புகளை முறைப்படி மாற்றி, மூலத்தோடு ஒப்பு நோக்குதல், தேடிய பெயர் கிடைக்காதவிடத்து, பட்டியலைக் கண்ணால் பார்த்த பின்னரே முடிவு கூறுதல்.