பீமிலிக்குப் போவோம்

விசாகப்பட்டினம் ஆந்திர மாநிலத்தில் உள்ள பெரிய கடற்கரை நகரம். அங்கே பெரிய துறைமுகம் இருக்கிறது. இரும்பு ஆலை இருக்கிறது. கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. பல மாநில மக்கள் அங்கே வேலை செய்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் உண்டு.

வாரம் முழுவதும் உழைப்பவர்களுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும். பிள்ளைகள் ஓடி விளையாட இடம் வேண்டும். பெரியவர்கள் உட்கார்ந்து காற்று வாங்க வேண்டும். கையில் இருக்கும் சிறு பணத்தில் போய்வர வேண்டும். இப்படி நினைக்கும் குடும்பங்கள் போகும் ஊர் பீமிலி.

பீமிலியின் முழுப் பெயர் பீமுனிபட்டினம். மகாபாரதத்தில் வரும் பீமனின் பெயரால் அந்தப் பெயர் வந்தது என்று மக்கள் சொல்வார்கள். விசாகப்பட்டினத்திலிருந்து வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தூரம். நகரப் பேருந்தில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்.

கடற்கரைச் சாலை

விசாகப்பட்டினத்திலிருந்து பீமிலிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நெடுஞ்சாலை வழி. மற்றொன்று கடற்கரை வழி. பேருந்தில் ஏறும் முன் எந்த வழியாகப் போகும் என்று நடத்துனரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கடற்கரை வழியில் போகும்போது வலப்பக்கம் கடல் தெரியும். இடப்பக்கம் குன்றுகள் தெரியும். நகரத்துக் கடற்கரையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் மணல்மேல் நிற்கிறது. அதன் பெயர் குர்சுரா. கடற்படையில் பல ஆண்டுகள் வேலை செய்த கப்பல் அது. 2002-ஆம் ஆண்டு முதல் அது காட்சிக்கூடமாக இருக்கிறது. மக்கள் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள்.

இன்னும் கொஞ்ச தூரம் போனால் தோட்லகொண்ட என்ற குன்று வரும். தெலுங்கில் கொண்ட என்றால் குன்று. தோட்ல என்பது தொட்டிகளைக் குறிக்கும். பாறையை வெட்டிச் செய்த நீர்த் தொட்டிகள் அங்கே இருக்கின்றன. அதனால்தான் அந்தப் பெயர்.

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு புத்தத் துறவிகள் அந்தக் குன்றில் வாழ்ந்தார்கள். மழை நீரைத் தொட்டிகளில் சேர்த்துக் குடித்தார்கள். அவர்கள் வாழ்ந்த அறைகளின் அடித்தளங்கள் இன்றும் தெரிகின்றன. ரோம் நாட்டு வெள்ளிக் காசுகளும் அங்கே கிடைத்துள்ளன. அந்தக் காலத்திலேயே இந்தக் கரைக்கும் தூர நாடுகளுக்கும் தொடர்பு இருந்தது என்று இதிலிருந்து தெரிகிறது.

சிவப்பு மண் மேடுகள்

பீமிலிக்குச் சற்று முன்னால் நிலத்தின் நிறம் மாறும். எங்கு பார்த்தாலும் சிவப்பு மண் மேடுகள். தெலுங்கில் இவற்றுக்கு எர்ர மட்டி திப்பலு என்று பெயர். எர்ர என்றால் சிவப்பு. மட்டி என்றால் மண். திப்பலு என்றால் மேடுகள்.

இந்த மேடுகள் ஒரு நாளில் வந்தவை அல்ல. பல ஆயிரம் ஆண்டுகளாகக் காற்றும் நீரும் மணலைக் கொண்டுவந்து சேர்த்தன. மணலில் இரும்புச் சத்து கலந்திருந்தது. பழைய இரும்பு துருப்பிடித்தால் சிவக்கும் அல்லவா? அதுபோல இந்த மணலும் சிவந்தது. பிறகு மழை நீர் ஓடி ஓடி மண்ணை அறுத்தது. ஆளுயரத்துக்கும் மேலே சுவர்போல மண் நிற்கிறது. நடுவே குறுகிய ஓடைகள் வளைந்து வளைந்து போகின்றன.

தமிழ்நாட்டிலும் சிவப்பு மணல் மேடுகள் உண்டு. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் அவற்றைத் தேரி என்று சொல்வார்கள். தேரியைப் பார்த்தவர்களுக்கு பீமிலியின் சிவப்பு மண் புதிதாகத் தெரியாது.

2014-ஆம் ஆண்டு இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இந்த மேடுகளைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்தது. நாட்டின் பொதுச் சொத்து இது. ஆனால் மண் மிகவும் இளகியது. ஒருவர் சரிவில் ஏறினால் ஒரு கூடை மண் சரியும். ஆயிரம் பேர் ஏறினால் மேடே கரையும். மழைக் காலத்தில் சுவர் இடிந்து ஆள் மேலேயும் விழலாம். எனவே பாதையில் மட்டும் நடக்க வேண்டும். பிள்ளைகளைச் சுவர் ஓரத்தில் விளையாட விடக் கூடாது. மண்ணை அள்ளிப் போகக் கூடாது. குப்பையைப் போடக் கூடாது.

ஊர் ஏன் அமைதியாக இருக்கிறது?

பீமிலி எப்போதும் அமைதியான ஊராக இருக்கவில்லை. ஒரு காலத்தில் அது பெரிய துறைமுகம். சுமார் 350 ஆண்டுகளுக்கு முன்பே டச்சுக்காரர்கள் அங்கே வந்து வாணிபம் செய்தார்கள். அவர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இன்றும் ஊரில் இருக்கிறது. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1861-இல் அங்கே நகராட்சி ஏற்பட்டது. நாட்டின் பழைய நகராட்சிகளில் அதுவும் ஒன்று. பிற்காலத்தில் பீமிலி விசாகப்பட்டினம் மாநகராட்சியோடு சேர்ந்தது.

கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நிற்கும். படகுக்காரர்கள் சரக்கைப் படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். கரையில் மூட்டை தூக்குபவர்கள் இருந்தார்கள். வண்டி ஓட்டுபவர்கள் இருந்தார்கள். கிடங்குகள் இருந்தன. சணல் போன்ற ஒரு நார் இங்கிருந்து வெளிநாடுகளுக்குப் போனது. அதற்கு பீமிலிச் சணல் என்றே பெயர். அது வேறொன்றும் இல்லை. புளிச்சைக் கீரைச் செடியின் தண்டிலிருந்து எடுத்த நார்தான். அதன் இலை குழம்புக்கு. அதன் தண்டு சாக்குக்கும் கயிற்றுக்கும்.

பிறகு காலம் மாறியது. ரயில் பாதை பீமிலியைத் தொடாமல் உள்நாட்டு வழியாகப் போனது. 1933-இல் விசாகப்பட்டினத்தில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. அங்கே கப்பல்கள் கரையை ஒட்டியே நிற்க முடிந்தது. ரயிலும் பக்கத்திலேயே வந்தது. சரக்கெல்லாம் அங்கே போயிற்று. பீமிலிக்கு வரும் கப்பல்கள் குறைந்தன. பிறகு வருவதே நின்றது.

சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு இந்த அமைதி இனிமையாக இருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் பல பேர் இழந்த பிழைப்பும் இருக்கிறது. இன்று அந்தக் கரை மீனவர்களின் கரை. அவர்களுடைய படகுகளும் வலைகளும் மணலில் இருக்கும். பெண்கள் அங்கே மீன் விற்பார்கள். வலையை மிதிக்கக் கூடாது. படகில் ஏறி விளையாடக் கூடாது. அது அவர்களின் சோறு.

ஆறும் கடலும்

பீமிலியில் கோஸ்தனி ஆறு கடலில் கலக்கிறது. அந்த ஆறு கிழக்குத் தொடர்ச்சி மலையில் போரா குகைகள் இருக்கும் இடத்தில் பிறக்கிறது. ஒரு பக்கம் ஆறு. ஒரு பக்கம் கடல். கரையில் பழைய கலங்கரை விளக்கம். பின்னால் குன்றின்மேல் நரசிம்மர் கோயில். மாலை நேரத்தில் குடும்பம் குடும்பமாக மக்கள் மணலில் உட்கார்ந்திருப்பார்கள்.

இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். கடலைப் பார்க்கும் ஒரு பிள்ளை அம்மாவிடம் இப்படிக் கேட்கலாம்.

“அம்மா, அங்கே பார். எல்லா இடத்திலும் அலை அடிக்கிறது. நடுவில் மட்டும் அலையே இல்லை. அங்கே குளிக்கலாமா?”

“வேண்டாம் கண்ணு. அந்த இடம்தான் ஆபத்து. அங்கே தண்ணீர் உள்ளே இழுக்கும்.”

அம்மா சொல்வது சரி. அலைகள் கரைக்குத் தண்ணீரைக் கொண்டுவருகின்றன. அந்தத் தண்ணீர் திரும்பக் கடலுக்குள் போக வேண்டும். அது ஓர் ஓடைபோல ஒரே இடத்தில் சேர்ந்து வேகமாக உள்ளே ஓடும். இதற்கு இழுப்பு நீரோட்டம் என்று பெயர். அந்த ஓடை உள்ள இடத்தில் அலை அதிகம் உடையாது. எனவே அது அமைதியாகத் தெரியும். பலர் அதை நம்பி இறங்குகிறார்கள். நன்றாக நீந்துபவர்களையும் அது இழுத்துப் போய்விடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வரிசையாக அடிக்கும் அலைகளின் நடுவே ஓர் இடைவெளி தெரியும். அங்கே தண்ணீர் மணல் கலந்து கலங்கியிருக்கலாம். நுரையும் குப்பையும் கடலுக்குள் மிதந்து போகும். ஆறு கடலில் கலக்கும் இடத்திலும் இழுப்பு அதிகம். அங்கே இறங்கவே கூடாது.

இழுப்பில் மாட்டிக்கொண்டால்

பயந்து கரையை நோக்கி நேராக நீந்தக் கூடாது. உடம்பு களைத்துவிடும். மிதக்க முயல வேண்டும். கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்த வேண்டும். இழுப்பு அகலம் குறைந்தது. அதைத் தாண்டியதும் அலையோடு சேர்ந்து கரைக்கு வரலாம்.

கரையில் இருப்பவர்கள் உடனே தண்ணீரில் குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் இறப்பது உண்டு. முதலில் சத்தம் போட்டு மீனவர்களைக் கூப்பிட வேண்டும். மிதக்கும் பொருள் ஏதாவது எறிய வேண்டும். நன்றாக மூடிய காலிப் பிளாஸ்டிக் கேன் ஒரு ஆளைத் தாங்கும். கயிறு இருந்தால் அதைக் கேனில் கட்டி எறியலாம். 112 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். தண்ணீரிலிருந்து மீட்டவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். 108 ஆம்புலன்ஸ் வரும்.

ஒரு சொல், இரண்டு பொருள்

தமிழில் பிரமாதம் என்றால் மிகவும் நன்றாக இருக்கிறது என்று பொருள். தெலுங்கில் அதே சொல்லுக்கு ஆபத்து என்று பொருள். கடற்கரையில் ஒரு மீனவர் “பிரமாதம்! பிரமாதம்!” என்று கத்தினால் அவர் பாராட்டவில்லை. எச்சரிக்கிறார். உடனே கரைக்கு வந்துவிட வேண்டும். எச்சரிக்கைப் பலகைகளிலும் இந்தச் சொல் இருக்கும். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் இல்லை.

புறப்படும் முன்

ஒரு சிறு தாளில் பிள்ளையின் பெயரை எழுத வேண்டும். கூட வரும் பெரியவரின் தொலைபேசி எண்ணையும் எழுத வேண்டும். அந்தத் தாளைப் பிள்ளையின் சட்டைப் பையில் வைக்க வேண்டும். கூட்டத்தில் பிள்ளை காணாமல் போனால் இந்தத் தாள் பெரிதும் உதவும். எழுதத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு நிமிட வேலை.

குடிநீரும் சாப்பாடும் எடுத்துக்கொள்ள வேண்டும். குப்பையைப் போட ஒரு பையும் வேண்டும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று போய் இறங்கியதும் கேட்க வேண்டும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்தக் கரையில் புயல் வரலாம். 2014 அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் இங்கே தாக்கிப் பெரும் சேதம் செய்தது. எனவே வானிலைச் செய்தியைக் கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும். புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போட வேண்டும்.

பிள்ளைகள் முழங்கால் அளவு தண்ணீரில் மட்டும் நிற்கட்டும். பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். குடித்துவிட்டு யாரும் கடலில் இறங்கக் கூடாது. இருட்டிய பிறகும் இறங்கக் கூடாது. கவனத்தோடு போனால் பீமிலி எல்லாருக்கும் மகிழ்ச்சி தரும்.

தெரிந்துகொள்ளுங்கள்: சில தெலுங்குச் சொற்கள்

நீளு – தண்ணீர்
லோது – ஆழம்
கொண்ட – குன்று
பிரமாதம் – ஆபத்து
வெள்ளகண்டி – போகாதீர்கள்

விடை எழுதுங்கள்

1. சிவப்பு மண் மேடுகளுக்குச் சிவப்பு நிறம் எப்படி வந்தது?
2. பீமிலித் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வருவது ஏன் நின்றது?
3. கடலில் அலை இல்லாத இடம் ஏன் ஆபத்தானது?
4. இழுப்பில் மாட்டிக்கொண்டவர் எந்தப் பக்கம் நீந்த வேண்டும்?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. பீமிலியில் ______ ஆறு கடலில் கலக்கிறது.
2. பீமிலியில் நகராட்சி ஏற்பட்ட ஆண்டு ______.
3. அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண் ______.

எழுதிப் பழகுங்கள்

உங்கள் வீட்டுப் பிள்ளைக்காக ஒரு தாள் எழுதுங்கள். அதில் பிள்ளையின் பெயர், உங்கள் பெயர், ஊர், தொலைபேசி எண் ஆகியவை இருக்கட்டும்.

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆறு, ஏரி, கடல், கிணறு எது இருக்கிறது? அங்கே எந்த இடம் ஆபத்தானது? அங்கே எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா? இல்லை என்றால் பலகை வைக்கச் சொல்லி ஊராட்சிக்கு மனு எழுதலாமா? குழுவாகக் கூடிப் பேசுங்கள்.