வி.ஆர்.எஸ். வாங்கி வெளிநாடு: கிளம்பும் முன் களைய வேண்டிய நம்பிக்கைகள்

ஐம்பது, ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளிநாட்டில் போய் இருந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் தமிழ்நாட்டில் இப்போது நிறைய. மகளோ மகனோ அமெரிக்காவில் இருப்பார்கள். அல்லது பிள்ளைகளைச் சாராமல் மலேசியாவிலோ தாய்லாந்திலோ வாழ்ந்து பார்க்கலாம் என்ற ஆசை இருக்கும். அவர்கள் விசாரிப்பதெல்லாம் போகப்போகிற ஊரைப் பற்றித்தான். குளிர் எப்படி, வாடகை எவ்வளவு, நம்மூர் அரிசி கிடைக்குமா, பக்கத்தில் கோயில் உண்டா? விட்டுப்போகிற ஊரில் தங்கள் பெயரில் என்னென்ன கிடக்கின்றன என்று உட்கார்ந்து எழுதிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் பின்னால் தூக்கத்தைக் கெடுக்கும் சிக்கல்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன: வங்கியில் சொல்லாமல் விட்ட ஒரு தகவல், இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும் பட்டா, செயலிழந்துபோன ஒரு சிம் கார்டு. ஆகவே இந்தப் பத்தியில் அந்த ஊரைவிட இந்த ஊரைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

“கையில் பணம் இருந்தால் எந்த நாட்டிலும் போய் இருக்கலாம்.”

முடியாது. ஓய்வுபெற்றவர்களுக்கென்று அமெரிக்காவில் தனி விசா கிடையாது. கனடாவிலும் இல்லை. பிரிட்டன் அப்படியொரு வழியை 2008-இல் மூடிவிட்டது. ஆஸ்திரேலியா 2018-இல் மூடியது. பிள்ளை அமெரிக்காவில் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். பெற்றோருக்கு கிரீன் கார்டு கேட்டு மனுச் செய்ய, அந்தப் பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை பெற்றவராகவும் 21 வயது நிரம்பியவராகவும் இருக்க வேண்டும். எச்1பி விசாவில் இருப்பவரால் முடியாது. கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவராலும் முடியாது. பார்வையாளர் விசாவில் ஒருமுறை போனால் வழக்கமாக ஆறு மாதம்தான் தங்கலாம். கனடாவின் சூப்பர் விசாவில் ஒரு வருகைக்கு ஐந்தாண்டு வரை இருக்கலாம்; அதற்குக் குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும்.

தாய்லாந்து 50 வயது நிரம்பியவர்களுக்கு ஓய்வு விசா தருகிறது. அந்நாட்டு வங்கியில் 8 லட்சம் பாட் வைப்பு, அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்டுவது வழக்கமான நிபந்தனை. வேலை பார்க்கக் கூடாது. 90 நாளைக்கு ஒருமுறை இருப்பிடத்தைக் குடிநுழைவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மலேசியாவின் ‘இரண்டாம் இல்லம்’ திட்டம் 2024-இல் மாற்றியமைக்கப்பட்டு, அதன் வெள்ளிப் பிரிவுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை கேட்கிறது. அதற்கு மேல் வீடும் வாங்க வேண்டும். இந்த நிபந்தனைகள் அடிக்கடி மாறுகின்றன. நண்பர் மூன்று வருடத்துக்கு முன் போனார் என்பதை வைத்து வேலையை விட்டுவிடாதீர்கள். விசா வழி உறுதியான பிறகே வி.ஆர்.எஸ். கடிதம் எழுதுங்கள்.

“மாதச் செலவுக்குக் கணக்குப் போட்டாச்சு. வட்டியும் பென்ஷனும் தாங்கும்.”

கணக்கு இன்றைய நாணய மதிப்பில் போட்டதாக இருக்கும். 2010-இல் ஒரு டாலர் ஏறத்தாழ 45 ரூபாய். 2025 டிசம்பரில் அது 90-ஐத் தாண்டியது. வருமானம் ரூபாயில், செலவு டாலரில் என்றால், பதினைந்து ஆண்டுகளில் உங்கள் பணத்தின் வலு பாதியாகியிருக்கும். அந்த ஊர் விலைவாசி ஏறியது தனி. ஐம்பது வயதில் ஓய்வு பெறுபவருக்கு முன்னால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருக்கக்கூடும். தனியார் துறையில் இருந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இ.பி.எஃப். ஓய்வூதியத்தை 50 வயதிலிருந்தே வாங்கலாம். ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டப்படும். அந்த வெட்டு ஆயுள் முழுக்க நீடிக்கும். அவசரம் இல்லையென்றால் 58 வரை காத்திருங்கள்.

“பேங்க் கணக்கு அப்படியே இருக்கட்டும். யார் கேட்கப்போகிறார்கள்?”

இந்த நம்பிக்கைதான் மிகப் பரவலானது. சட்டப்படி மிகத் தவறானதும் இதுதான். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், அதாவது ஃபெமா, பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்ப்பதில்லை. உங்கள் நோக்கத்தைப் பார்க்கிறது. எவ்வளவு காலம் என்று தெரியாமல் வெளிநாட்டில் தங்கப் போகிறீர்கள் என்றால், கிளம்பியதிலிருந்தே நீங்கள் அந்தச் சட்டத்தின் பார்வையில் வெளிநாடு வாழ்பவர். பேரனைப் பார்த்துவிட்டு ஆறு மாதத்தில் திரும்புவது இதில் சேராது. குடியேறப் போகிறவர்கள் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாடு வாழ்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும். பி.பி.எஃப்., மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் போன்றவற்றில் அதன் பிறகு புதிதாகக் கணக்குத் தொடங்க முடியாது. விவசாய நிலம் வாங்கவும் முடியாது. ஏற்கெனவே இருப்பதை வைத்துக்கொள்ளலாம், வாரிசாக வருவதைப் பெறலாம்.

வருமான வரிச் சட்டத்தின் கணக்கு வேறு. அது நாட்களை எண்ணுகிறது. வெளிநாட்டு வேலைக்காகக் கிளம்புகிறவர், அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால், அந்த ஆண்டிலேயே என்.ஆர்.ஐ., அதாவது வெளிநாடு வாழ் இந்தியர், ஆகிவிடுவார். ஓய்வு பெற்றுச் செல்பவர் வேலைக்குப் போகவில்லையே! அவருக்கு அந்தச் சலுகை இல்லை. அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இங்கே இருந்திருந்தால், அந்த நிதியாண்டு முழுக்க அவர் இந்தியாவில் வசித்தவர்தான். செப்டம்பரில் விமானம் ஏறியவர் வங்கிக்கு வெளிநாடு வாழ்பவர், வரித்துறைக்கு உள்நாட்டுக்காரர். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. இது புரியாமல் போட்ட வரிக் கணக்குகளுக்குத்தான் பின்னால் நோட்டீஸ் வருகிறது. நாளைத் தேர்ந்தெடுக்கும் வசதி உங்களுக்கு இருந்தால், ஏப்ரலிலோ மே மாதத் தொடக்கத்திலோ கிளம்புவது நல்லது.

வாடகைக்கு விட்டுப் போகிறவர்கள் கவனிக்க: வீட்டு உரிமையாளர் என்.ஆர்.ஐ. ஆகிவிட்டால், குடியிருப்பவர் வாடகையிலிருந்து 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டும். மாத வாடகை பத்தாயிரமே ஆனாலும் இதற்கு விலக்கு இல்லை. பிடிக்காமல் விட்டால் அந்தச் சுமை குடியிருப்பவர் தலையில் விழும். நல்ல மனதோடு வீட்டுக்கு வந்த ஒருவரை அந்த நிலைக்குத் தள்ளக் கூடாது. ஒப்பந்தத்திலேயே எழுதி, விளக்கிச் சொல்லிவிட்டுப் போங்கள்.

அப்புறம் அந்த சிம் கார்டு. வங்கி, ஆதார், வருமான வரி, பங்குக் கணக்கு எல்லாவற்றின் கதவும் ஓ.டி.பி.யால்தான் திறக்கிறது. பிரீபெய்டு எண்ணை 90 நாள் தொடாமல், இருப்பில் 20 ரூபாய்கூட இல்லாமல் விட்டால் அது துண்டிக்கப்படலாம். பிறகு வேறொருவர் கைக்குப் போய்விடலாம். உங்கள் கணக்குகள் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் இணைத்து, அந்த எண்ணில் ரோமிங்கை இயக்கி, வெளிநாட்டில் ஓ.டி.பி. குறுஞ்செய்தி வருமா என்று போவதற்கு முன்பே நிறுவனத்திடம் உறுதி செய்துகொள்ளுங்கள். கணவன் பெயரில் உள்ள எண்ணிலேயே மனைவியின் கணக்கையும் இணைத்து வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்நிய ஊரில் அந்த அம்மா தன் சொந்தப் பணத்தைக்கூடத் தொட முடியாது. இருவருக்கும் தனித்தனி எண் வேண்டும்.

“இங்கே வரி கட்டிவிட்டால் அங்கே கேட்க மாட்டார்கள்.”

கிரீன் கார்டு கிடைத்த பிறகு, உலகில் எங்கே வருமானம் வந்தாலும் அமெரிக்க வரிக் கணக்கில் காட்ட வேண்டும். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் இங்கே கட்டியதற்குக் கழிவு உண்டு. காட்டாமல் இருக்க அனுமதி இல்லை. பி.பி.எஃப். வட்டிக்கு இங்கே வரி இல்லை, அங்கே உண்டு. இந்தியா உட்பட அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒருநாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். அம்மாவின் கணக்கில் கூட்டுப் பெயராக இருந்தால் அதுவும் சேரும். நம் மியூச்சுவல் ஃபண்டுகளைத்தான் அமெரிக்க வரிச் சட்டம் மிகக் கடுமையாக நடத்துகிறது. அவற்றுக்கென்று தனி விதி, தனிப் படிவம், அதிக வரி. கிரீன் கார்டு வருவதற்கு முன்பே அவற்றை விற்று வைப்புத்தொகையாக மாற்றுவதா என்று, இரு நாட்டு வரியும் தெரிந்த ஒரு ஆடிட்டரிடம் கேளுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண்செலவு அல்ல.

“அங்கே போனால் மருத்துவம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்.”

அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் 65 வயதில்தான் தொடங்குகிறது. நிரந்தரவாசியாகத் தொடர்ந்து ஐந்தாண்டு இருந்திருக்க வேண்டும். அங்கே வேலை பார்க்காதவர்கள் பிரீமியமும் கட்ட வேண்டும். 52 வயதில் போகிறவர் இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளுக்கு என்ன செய்வார் என்பதை விமான டிக்கெட்டுக்கு முன் முடிவு செய்தாக வேண்டும். பயணக் காப்பீடுகள் ஏற்கெனவே உள்ள நோய்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாத ஐம்பது வயதுக்காரர் நம்மில் எத்தனை பேர்?

இங்கே உள்ள மெடிக்ளெய்மைத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். திரும்பி வந்து புதிதாக எடுத்தால், பழைய நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். அப்போது வயதும் கூடியிருக்கும். பல், கண் வேலைகளை இங்கேயே முடித்துவிடுங்கள். அங்கே பொதுக் காப்பீட்டில் அவை சேர்வது அரிது. மருந்துச் சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

“தம்பிக்கு பவர் எழுதிக் கொடுத்தாச்சு, அவன் பார்த்துக்கொள்வான்.”

பவர் கொடுப்பது நல்லதுதான்; எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எல்லா அதிகாரமும் அடங்கிய பொது பவரை விட, வாடகை வசூல், வரி கட்டுதல், மின் இணைப்பு என்று வேலையைக் குறிப்பிட்டு எழுதும் தனி பவர் உறவுக்கும் பாதுகாப்பு. கிளம்பும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் போய்ப் பதிவு செய்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து எழுதினால் தூதரகத்திலோ நோட்டரியிடமோ சான்று பெற்று, ஆவணம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்த வேண்டும். தமிழ்நாட்டில் பவர் வைத்து நிலம் விற்கும்போது, கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்ற மருத்துவர் சான்றும் கேட்கிறார்கள். கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்தது. ஆகவே அது உயிலுக்கு மாற்று ஆகாது. நாமினியும் மாற்று ஆகாது: பணத்தை வாங்கி உரியவர்களிடம் ஒப்படைப்பவர்தான் அவர், சொத்து வாரிசுகளுக்கே போகும்.

இதற்கெல்லாம் முன்னால் சொத்து உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரம் உங்கள் பெயரில், பட்டா தாத்தா பெயரில், மின் இணைப்பு பழைய உரிமையாளர் பெயரில் என்று கிடக்கும் வீடுகள் தெருவுக்கு நான்கு உண்டு. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து, பட்டாவை மாற்றி, சொத்துவரி ரசீதைச் சரிசெய்ய நீங்கள் நேரில் இருக்கும்போதே மாதங்கள் ஆகும்.

“ஆதாரும் பாஸ்போர்ட்டும் இருக்கிறது, வேறென்ன சான்று வேண்டும்?”

நம் இனிஷியல்தான் இங்கே பிரச்சினை. பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன் ஒரு எழுத்து, பான் கார்டில் அப்பாவின் முழுப் பெயர், பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயராக இருக்கும். வெளிநாட்டு அதிகாரிக்கு இவை மூன்று வேறு மனிதர்கள். நம் தலைமுறையில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை. திருமணத்துக்குப் பத்திரிகைதான் சாட்சி. பதிவில் பெயர் இல்லையென்றால் ‘பதிவு இல்லை’ என்ற சான்றையாவது வாங்க வேண்டும். திருமணத்தை இப்போதாவது பதிய வேண்டும். பிறகு, போகும் நாடு கேட்பதைப் பொறுத்து, மாநில அரசின் சான்றொப்பம், அதன் மேல் வெளியுறவு அமைச்சகத்தின் சான்று அல்லது அப்போஸ்டில். இதற்கு ஆறு மாதம் ஒதுக்குங்கள்.

“பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடலாம்.”

வரலாம். ஆனால் கிரீன் கார்டோடு இங்கே வந்து ஓராண்டுக்கு மேல் இருந்துவிட்டால், அங்கே குடியிருப்பைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். முன்கூட்டியே விண்ணப்பித்து மறுநுழைவு அனுமதி வாங்கினால் இரண்டாண்டு வரை அவகாசம் உண்டு. இங்கே பாதி, அங்கே பாதி என்று வாழ நினைப்பவர்கள் இதை முதல் ஆண்டிலேயே தீர்மானிக்க வேண்டும்.

வீட்டை விற்பதா என்ற கேள்விக்கு என் கருத்து இது. குடியிருக்கும் வீட்டை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு விற்காதீர்கள். வேலை இல்லாத பகல்களை அந்நிய ஊரில் எப்படிக் கழிக்கிறோம் என்பது ஒரு குளிர்காலமாவது அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும். கார் ஓட்டத் தெரியாத அம்மாக்களுக்கு அமெரிக்கப் புறநகர் என்பது பிள்ளை வேலைக்குப் போய்த் திரும்பும் வரை நான்கு சுவர்தான். ஆனால் ஊருக்கு வெளியே வாங்கிப்போட்ட மனைகளை, விற்கத்தான் போகிறீர்கள் என்றால், கிளம்பும் முன்பே விற்றுவிடுங்கள். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய மனைக்குப் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதமா, அது இல்லாமல் 12.5 சதவீதமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டுமே உண்டு. என்.ஆர்.ஐ. ஆகிவிட்டால் 12.5 சதவீதம் ஒன்றுதான். வாங்குபவர் பிடிக்க வேண்டிய டி.டி.எஸ்.ஸும் கூடும். அதைக் குறைக்க வரித்துறையிடம் முன்கூட்டியே சான்றிதழ் வாங்க வேண்டும். பத்திரப் பதிவுக்கு நாள் குறித்த பிறகு அதற்கு ஓடினால் கிடைக்காது.