சிங்கப்பூர் டு நியூயார்க்: தூரம் சரி, நேரம் ஏன் இடிக்குது?

இப்போதைய வழக்கமான பயணிகள் விமானச் சேவைகளில் மிக நீளமானது சிங்கப்பூர் சாங்கி – நியூயார்க் ஜேஎஃப்கே. எங்கேயும் இறங்காமல் போகிறது. நேரம் சுமார் 18 மணி 40 நிமிடம். இந்த நம்பர் எப்படி வருதுன்னு பேப்பர், பேனா, கால்குலேட்டரோட நாமே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் தூரம். சாங்கி 1.36° வடக்கு, 103.99° கிழக்கு. ஜேஎஃப்கே 40.64° வடக்கு, 73.78° மேற்கு. அட்லஸில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் (அதாவது ஒரே திசைகாட்டிக் கோணத்தில் போனால்) சுமார் 18,500 கி.மீ. வரும். ஆனால் பூமி உருண்டை. உருண்டையின் மேல் குறுகிய வழி, மையம் வழியாக வெட்டும் பெருவட்டத்தின் வில். அதற்கான சூத்திரம்:

காஸ்(கோணம்) = சைன்(அ1) × சைன்(அ2) + காஸ்(அ1) × காஸ்(அ2) × காஸ்(தீர்க்கரேகை வித்தியாசம்)

அ1, அ2 என்பவை அட்சரேகைகள். தீர்க்கரேகை வித்தியாசம் 177.77°. போட்டுப் பார்த்தால் கோணம் சுமார் 138°. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. என்றால் ஏறக்குறைய 15,340 கி.மீ. அட்லஸ் கோட்டை விட 3,100 கி.மீ.க்கு மேல் மிச்சம். இந்தியாவோட வடக்கு–தெற்கு நீளமே 3,214 கி.மீ. தான்!

இந்த ஜோடிக்கு சூத்திரம் கூட வேண்டாம். வித்தியாசம் கிட்டத்தட்ட 180° என்பதால் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிப் போகும். சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.64°, அங்கிருந்து ஜேஎஃப்கேக்கு 49.36°. கூட்டினால் 138°. முடிஞ்சது.

இப்போ நேரம். ஓடுவது ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர். வேகம் மாக் 0.85, அந்த உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. வகுத்தால் 17 மணி நேரம். டிக்கெட்டில் மட்டும் 18:40. கேட்டில் கிளம்பி மறுபடி கேட்டில் நிற்கும் வரை எண்ணுவதால் கொஞ்சம் கூடும். பெரிய காரணம் காற்று. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் 100 கி.மீ. வேகத்தில் பின்னாலிருந்து தள்ளினால் இதே தூரம் சுமார் 15 மணி 20 நிமிடம். எதிரில் அடித்தால் 19 மணியைத் தாண்டும். அதனால்தான் துருவத்தை விட்டு பெரும்பாலும் பசிபிக் மேல், கிழக்கு நோக்கிச் சுற்றிப் போகிறார்கள். திரும்பும்போதும் பல நாள் கிழக்கேதான், அட்லாண்டிக் வழியாக. ரிட்டர்ன் டிக்கெட் எடுத்தவர் உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிடுகிறார்!

எரிபொருள் தொட்டி 1,65,000 லிட்டர். எடையைக் குறைக்க சீட்டுகள் வெறும் 161, எகானமி கிளாஸே கிடையாது. நம்ம பட்ஜெட்டுக்கு இது ஆகாது.

இன்னொரு பொறி: நேர மண்டலம். கோடைக்காலத்தில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால். நள்ளிரவு 12க்குக் கிளம்பினால் அதே தேதியில் காலை 6:40க்கு இறங்குவீர்கள். அதைப் பார்த்து '6 மணி 40 நிமிஷப் பயணம்'னு எழுதிடாதீங்க, வித்தியாசத்தைக் கூட்டணும்.

ஒரு பயிற்சி. பெர்த் 31.94° தெற்கு, 115.97° கிழக்கு, லண்டன் ஹீத்ரூ 51.47° வடக்கு, 0.45° மேற்கு. விடை 14,500 கி.மீ. பக்கத்தில் வரணும். வரலைன்னா, தெற்குக்கு மைனஸ் போட்டீங்களா, கால்குலேட்டர் டிகிரி மோடில் இருக்கான்னு பாருங்க.