அட்வான்ஸ் எடுத்தவர் கடனாளியா?

நெடுங்கேணியில் ஒரு ஹாட்வெயார் கடை. அப்பாவும் இரண்டு மகன்மாரும் நடத்துகிறார்கள். வெளியாட்கள் மூன்று பேர் சம்பளத்துக்கு நிற்கிறார்கள். மாதத்துக்கு ஒருதரம் கணக்குப் பார்க்க நான் போவேன். மேசை லாச்சிக்குள் சிமெந்துத் தூசி படிந்த ஒரு கொப்பி கிடக்கும். பெயருக்கு நேரே வெறும் எண்கள்: 5,000, 3,000, 10,000. திகதி இல்லை, கையெழுத்து இல்லை. சில இடங்களில் வெட்டித் திருத்தியும் இருக்கும். அதுதான் அட்வான்ஸ் கொப்பி.

ஒரு 20ஆம் திகதி நான் இருக்கும்போதே ஒரு பெடியன் வந்து நின்றான். "அண்ணை, பத்தாயிரம் வேணும். அம்மாவை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும்." காசு கிடைத்தது. ஆனால் "போன மாசமும் எடுத்தனி" என்ற சொல்லும் சேர்ந்தே கிடைத்தது, கம்பி வாங்க வந்தவர்கள் முன்னால். அவன் தலையைக் குனிந்துகொண்டு எண்ணாமலே காசைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

அட்வான்ஸ் என்பது முதலாளி மனமிரங்கிச் செய்யும் உதவி என்ற நம்பிக்கைதான் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. கணக்கைப் பார்ப்போம். அவனுடைய மாதச் சம்பளம் 45,000 ரூபா. 20 நாள் முடிந்துவிட்டது. 30,000 ரூபாவுக்கு ஏற்கனவே உழைத்துவிட்டான். கடைகள், காரியாலயங்களில் வேலை செய்வோருக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி, மாதம் முடிந்து பத்து நாளுக்குள் சம்பளம் கொடுத்தால் போதும். அதுவரை உழைப்பைக் கடனாகக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் வேலையாள். அந்தப் பத்தாயிரம் அவனுடைய சொந்தக் காசு. மாதம் பிறந்து 2ஆம் திகதி ஒருவர் 20,000 கேட்டால் அது வேறு கதை. உழைக்காத நாளுக்கான காசு அது. கொடுப்பதா இல்லையா என்பது முதலாளியின் விருப்பம். கொடுத்தால் எத்தனை மாதத்தில், மாதம் எவ்வளவு கழிப்பது என்று அப்போதே பேசி எழுதவேண்டும். சம்மதம் கேட்காமல் மாத முடிவில் முழுவதையும் ஒரேயடியாகக் கழித்துவிட ஏலாது. சம்பளத்தில் கை வைப்பதற்குச் சட்டத்தில் வரம்பு உண்டு.

இரண்டாவது நம்பிக்கை பொல்லாதது: "அட்வான்ஸ் கணக்கு முடியாமல் ஆள் விலக ஏலாது." இந்தப் பேச்சுக்கு நம் மண்ணில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வேர் இருக்கிறது. தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த கங்காணிமார் முற்பணம் கொடுத்தே கொண்டுவந்தார்கள். தொழிலாளர் தோட்டம் மாறவேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடன், இதைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று எழுதிய தாள் அது. புதிய தோட்டம் பழைய கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் ஆளோடு சேர்ந்தே நடக்கும். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 1977 கலவரத்துக்குப் பிறகு நெடுங்கேணிப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். அவர்களுடைய சந்ததியிடம் இங்கே ஒரு கடை லாச்சிக்குள் இருந்து அதே துண்டை எடுத்து நீட்டுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இன்று கடனைச் சாட்டி ஒருவரை வேலையில் கட்டிவைப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 358அ பிரிவில் குற்றம், 2006இல் சேர்க்கப்பட்டது. விலகுகிறவர் தரவேண்டிய மிச்சத்தை முதலாளி கேட்கலாம், வழக்கும் போடலாம். ஆளை மறிக்க ஏலாது.

அடுத்தது சேமலாப நிதி. அட்வான்ஸ் போக மிஞ்சிய காசுக்குத்தான் ஈ.பி.எவ். கட்டவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பிழை. 45,000 சம்பளத்தில் 15,000 அட்வான்ஸ் எடுத்தாலும் கணக்கு 45,000க்கே. ஊழியரின் 8 வீதம் 3,600, முதலாளியின் 12 வீதம் 5,400. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி கட்டும் 3 வீதம் 1,350. மிச்சம் 30,000க்குக் கட்டினால் அந்த மாதம் மட்டும் அவருடைய பெயரில் 3,450 ரூபா குறைகிறது. முதுமைக்கென்று வைக்கும் காசு அது. குடும்பக் கடை, ஒரேயொரு வெளியாள்தான் நிற்கிறார் என்பதும் சாட்டு இல்லை. ஒருவர் இருந்தாலே கட்டவேண்டும்.

அட்வான்ஸ் கொடுத்துப் பழக்கினால் ஆட்கள் கெட்டுப்போவார்கள் என்றும் சொல்வார்கள். கடையில் கிடைக்காவிட்டால் அந்தக் காசு எங்கே கிடைக்கும்? வாரா வாரம் வீட்டு வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரரிடம். வன்னிப் பெண்கள் அதில் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். அரச உத்தியோகத்தருக்குப் பண்டிகை முற்பணம், இடர் கடன் என்று ஒழுங்கான ஏற்பாடு இருக்கிறது, தவணையில் கழிகிறது. அதனால் எந்தக் கந்தோரும் கெட்டுப்போகவில்லை.

எழுதினால் நம்பிக்கையில்லை என்றாகிவிடும், நாங்கள் குடும்பம் மாதிரி என்பார்கள். குடும்பம்தான் முதலில் எழுதவேண்டும் என்பேன். மகன்மார் பெற்றோலுக்கும் கலியாண வீட்டுக்கும் லாச்சியில் இருந்து எடுப்பதை எவரும் எழுதுவதில்லை. பின்னேரம் கணக்கு உதைக்கும்போது கண்கள் வேலைக்கு நிற்கிற மூன்று பேர் மீதே போகின்றன. இதை நான் அந்தக் கடைப் பெரியவரிடம் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்.

அடுத்த மாதம் போனபோது புதுக் கொப்பி. திகதி, தொகை, தவணை, மிச்சம், இரண்டு கையெழுத்து என்று கோடு போட்டிருந்தது. முதல் வரியில் பெரியவரின் பெயர். 2,500 ரூபா, மருந்துக்கு. இரண்டாவது வரியில் மூத்த மகன். மூன்றாவதாக அந்தப் பெடியனின் பெயர், அவன் கையாலேயே எழுதியது.